உரிமைக்கு விலை கொடுத்தவர் யார்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



நான் நீதிமன்றத்தில் தொழில் செய்பவன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கமக்காரர் காணி வழக்கொன்றுடன் என்னிடம் வந்தார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. சட்டமும் அவர் பக்கமே இருந்தது. ஆயினும் கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். மேன்முறையீடு செய்தால் வெல்லலாம் என்றேன். "வெல்லலாம், ஐயா. வெல்லும்வரை என் பிள்ளைகள் எதைத் தின்பார்கள்?" என்று கேட்டார். என் கட்டணத்தை நான் விட்டுக்கொடுத்தும் மற்றைச் செலவுகளுக்கு அவரிடம் வழியில்லை. காணி போயிற்று.

அன்று நான் கற்ற பாடத்தைச் சட்டக் கல்லூரியில் எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. உரிமை ஏட்டிலே இருப்பது வேறு. அது கைக்கு வந்து சேர்வது வேறு. இரண்டுக்கும் இடையே ஒரு நெடுவழி உண்டு. அவ்வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள் தங்கள் வாழ்க்கையாலே விடை எழுதினார்கள். அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மாதம் ஒரு சிலிங்

அம்மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்த வரலாறு நேற்றுத் தொடங்கியதன்று. 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலே றிச்சட் அலன், அப்சலம் ஜோன்ஸ் என்னும் இருவர் 'சுதந்திர ஆபிரிக்கர் சங்கம்' என்ற அமைப்பை நிறுவினர். இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிலிங் செலுத்த வேண்டும். ஓராண்டு செலுத்திய பின்னர், இல்லாமையால் வாடும் உறுப்பினருக்கு வாரம் மூன்று சிலிங் ஒன்பது பென்ஸ் வழங்கப்படும். அக்காலத்தில் அந்நாட்டின் பெரும்பகுதியில் அவர்தம் இனத்தார் சந்தையிலே விலை கூறப்பட்டுக் கொண்டிருந்தனர் என்பதை நினையுங்கள். விலைப்பொருளாகக் கருதப்பட்ட மக்கள் தமக்கென ஒரு பொதுப்பணத்தையும் அதற்கு விதிகளையும் வகுத்துக்கொண்டனர்! அவர்கள் பிறரிடம் இரந்து நிற்கவில்லை. உறுப்பினர் என்ற உரிமையோடு கொடுத்தார்கள். அதே உரிமையோடு பெற்றார்கள்.

நடந்தவர்களின் நகரம்

இனி, 1955ஆம் ஆண்டுக்கு வருவோம். அலபாமா மாநிலத்தின் தலைநகர் மொன்ற்கொமெறி. அந்நகரத்துப் பஸ்களிலே வெள்ளையர் முன்னே அமர்வர். கறுப்பினத்தவர் பின்னே அமர்வர். வெள்ளையருக்கு இடம் போதாவிடின் கறுப்பினத்தவர் எழுந்து இடம்விட வேண்டும். டிசம்பர் 1ஆம் திகதி மாலை, தையல் வேலை செய்து வீடு திரும்பிக்கொண்டிருந்த றோசா பாக்ஸ் அம்மையார் எழ மறுத்தார், கைதானார். அன்றிரவே ஜோ ஆன் றொபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை விடியும்வரை கண்விழித்துப் பல்லாயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களைப் படியெடுத்தார். டிசம்பர் 5ஆம் திகதி பஸ்கள் வெறுமையாக ஓடின. அன்று பிற்பகல் 'மொன்ற்கொமெறி முன்னேற்றச் சங்கம்' பிறந்தது. 26 வயதே நிரம்பிய மாட்டின் லூதர் கிங் அதன் தலைவரானார்.

இவ்வளவும் நீங்கள் அறிந்த கதை. அறியாத பாதி இனித்தான் வருகிறது.

பஸ்ஸில் ஏறியவருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் கறுப்பினத்தவர். பெரும்பாலும் ஏழைத் தொழிலாளரும் வீட்டு வேலைக்காரிகளும். ஒரு நாள் நடக்கலாம். ஒரு வாரமும் நடக்கலாம். ஓராண்டு நடக்க முடியுமா? முதலில் கறுப்பின வாடகைக் கார்ச் சாரதிகள் பஸ் கட்டணமாகிய பத்துச் சதத்துக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்த கட்டணம் நாற்பத்தைந்து சதம் என்னும் விதியை நகராட்சி தூக்கிப் பிடித்தது. அவ்வழி அடைபடவே, சொந்த வண்டி வைத்திருந்தோர் அவற்றைப் பொதுவுக்கு விட்டனர். ஏறத்தாழ 300 வண்டிகள் நேர அட்டவணைப்படி, குறித்த தரிப்பிடங்களிலிருந்து ஓடின. வைத்தியரும் ஆசிரியரும் மதகுருமாரும் சாரதிகளாயினர். பின்னர் தேவாலயங்களின் பெயரிலே புதிய வண்டிகள் வாங்கப்பட்டன. உள்ளூர்க் காப்புறுதிகள் இரத்தான போது, லண்டன் லொயிட்ஸ் நிறுவனத்தின் மூலம் காப்புறுதி பெறப்பட்டது.

பெற்றோல் வேண்டும், தயர் வேண்டும், பழுது பார்க்க வேண்டும், பிணை கட்ட வேண்டும். யார் கொடுத்தார்கள்?

ஊர்பேரற்ற கழகம்

இங்கேதான் ஜோர்ஜியா கில்மோர் என்னும் ஓர் அம்மையாரை உங்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன். அவர் ஓர் உணவுச்சாலையிலே சமையல் செய்தவர். 1956 மார்ச்சில், பகிஷ்காரத்தைத் தடைசெய்யும் 1921ஆம் ஆண்டின் பழைய சட்டமொன்றின்கீழ்க் கிங் அவர்கள் விசாரிக்கப்பட்டபோது, அவர் சாட்சிக்கூண்டில் ஏறினார். பஸ் சாரதியொருவர் தம்மிடம் காசை வாங்கிக்கொண்டு, இறங்கிப் பின்கதவால் ஏறும்படி பணித்துவிட்டு, ஏறுமுன்னரே வண்டியைச் செலுத்திச் சென்றதை நீதிபதி முன் அஞ்சாது சொன்னார். சாட்சியத்தின் விலையாக வேலையை இழந்தார்.

வேலை போனதும் அவர் ஓய்ந்துவிட்டாரா? கிங் அவர்களின் ஊக்கத்தோடு தம் வீட்டு அடுப்பையே தொழிற்சாலையாக்கினார். அவரும் அவரைச் சூழ்ந்த பெண்களும் கேக்கும் இனிப்புப் பணியாரங்களும் பொரித்த கோழியும் செய்து விற்றனர். கூட்டம் கூடும் இரவுகளிலே, சேர்ந்த பணத்தைத் தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒப்படைத்தனர். "இப்பணம் எங்கிருந்து வந்தது?" என்று எவரேனும் கேட்டால், "எங்கிருந்தும் வரவில்லை" என்பதே விடை. அவர்களது கழகத்தின் பெயரும் அதுவே: எங்கிருந்தும் வராதவர் கழகம். ஊர்பேரற்ற கழகம் என்று நாம் சொல்லலாம்.

ஏன் அப்படியொரு பெயர்? வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்த பெண்கள் காசு கொடுத்தார்கள். எசமானி அறிந்தால் மறுநாள் வேலையில்லை. பணியாரம் வாங்கியவருள் வெள்ளையரும் இருந்தனர். கொடுத்தவரின் பெயரைக் காக்க வேண்டியிருந்தது. சிறிது காலத்தில் நகரத்தின் வேறொரு பகுதிப் பெண்களும் போட்டிக்கு ஒரு கழகம் அமைத்தனர். யார் கூடச் சேர்த்தார்கள் என்பதை அறியும் ஆவலிலேயே கூட்டம் களைகட்டியது. சோறு வடிக்குமுன் பிடியரிசி எடுத்துவைத்த நம் பாட்டிமாருக்கு இந்த அம்மையாரின் கணக்கு விளங்காமற் போகாது.

வெளியூர்த் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் பின்னர்ப் பெருந்தொகை அனுப்பின; அதை மறைப்பது நேர்மையன்று. அந்த உதவியின்றி ஓராண்டு தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஆனால், ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் மக்கள் நடந்தார்கள். முதலில் சமையற்காரி கொடுத்தாள். அதன் பின்னரே உலகம் கொடுத்தது. ஆகையால், போராட்டத்தை நிறுத்து என்று கட்டளையிடும் அதிகாரம் எந்தக் கொடையாளிக்கும் கிடைக்கவில்லை.

பெயரை மூடு, கணக்கைத் திற

சட்டம் படித்தவன் என்ற முறையில் இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். அதே 1956ஆம் ஆண்டில் அலபாமா அரசு, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடிய தேசியச் சங்கத்தை அம்மாநிலத்தில் இயங்கவிடாது தடுத்தது. உறுப்பினர் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவா என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மற்றைப் பத்திரங்களைக் கொடுத்த சங்கம், பெயர்களைக் கொடுக்க மறுத்தது. ஒரு இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1958 யூன் 30ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தண்டத்தை ஒருமனதாக நீக்கியது. கூடி இயங்கும் சுதந்திரத்துக்குப் பெயர் வெளிவராத பாதுகாப்பும் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். கில்மோர் அம்மையார் அடுப்படியிலே கண்டறிந்த உண்மையை, ஒன்பது நீதியரசர்கள் இரண்டாண்டு கழித்து எழுதி வைத்தனர்!

ஆயினும், பெயரை மறைப்பது வேறு, கணக்கை மறைப்பது வேறு. 1956 யூன் மாதத்தில் மொன்ற்கொமெறிச் சங்கத்தின் செயலாளரே பணம் முறைகேடாகச் செலவாகிறது என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். சில நாட்களில் அதனை மீளப் பெற்றுக்கொண்டார். ஆனால், அந்தச் சில நாட்களில் எதிரிகள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. பொதுப்பணத்தில் ஐயம் விழுந்தால், பொலிசார் செய்ய முடியாததை அந்த ஐயமே செய்துவிடும். கொடுத்தவன் பெயர் பெட்டிக்குள் இருக்கட்டும். கொடுத்த காசின் கணக்கு மேசைமேல் இருக்கட்டும்.

முடிவு எப்படி வந்தது? நான்கு கறுப்பினப் பெண்களின் பெயரில், பிரெட் கிறே என்னும் இளம் சட்டத்தரணி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கிட்டிருந்தார். 1956 நவம்பர் 13ஆம் திகதி, பொது வண்டிச் சேவைக்குத் தடையுத்தரவு கேட்டு நகராட்சி தொடுத்த வழக்கில் கிங் அவர்கள் மன்றிலே அமர்ந்திருந்தார். அன்றே தடையும் வந்தது. ஆனால், பஸ்களில் இனப்பிரிவினை அரசியல் யாப்புக்கு முரணானது என்ற தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதிசெய்த செய்தியும் அதே நாளில் அம்மன்றுக்கே வந்து சேர்ந்தது! வழக்கு வென்றது, உண்மை. அந்த வெற்றி வரும்வரை 381 நாட்கள் மக்களைத் தாங்கிநின்றது எது? பணியாரக் காசு.

கமக்காரர் கற்க வேண்டியது

கமக்காரர்களுக்கு இன்னொரு கதை உண்டு. அது வெற்றிக் கதையன்று. மிசிசிப்பி மாநிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பத்திலே, இருபது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் ஃபானி லூ ஹேமர் அம்மையார். 1962இல் வாக்காளராகப் பதியச் சென்றமைக்காக, பதினெட்டு ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார். வயிறு பிறர் கையில் இருக்கும்வரை வாக்கும் பிறர் கையிலேயே இருக்கும் என்பதை அவர் அன்று கண்டார். 1969இல் 40 ஏக்கர் நிலத்துடன் 'விடுதலைப் பண்ணை' என்ற கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் அது 600 ஏக்கருக்கு மேல் விரிந்தது. கறுப்பின மாதர் தேசியப் பேரவையின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றும் நடந்தது. ஒரு குடும்பம் ஒரு பெண் பன்றியைப் பெற்று வளர்க்கும்; ஈனும் குட்டிகளிலிருந்து வங்கிக்குத் திருப்பும்; அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். வட்டியில்லாக் கடன்; குட்டி போடும் முதல்!

அப்பண்ணை நிலைத்ததா? இல்லை. உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டொலர். அதைக்கூட ஒழுங்காகச் செலுத்த இயன்ற குடும்பங்கள் மிகச் சில. நிலம் வாங்கத் தொலைவிலுள்ள அன்பர்கள் கொடுத்தனர். ஆனால், ஆண்டுதோறும் வரும் வரிக்கும் விதைக்கும் இயந்திரத்துக்கும் தொடர்ந்து கொடுப்பார் இல்லை. இயற்கையும் கைவிட்டது, அம்மையாரின் உடல்நலமும் குன்றியது. 1970களின் நடுப்பகுதியில் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977இல் அவரும் மறைந்தார். குற்றம் அவரதன்று. போராட்ட நாளில் உண்டியல் நிறையும். விதைப்பு நாளில் அது வெறுமையாகும். கூட்டத்தில் கைதட்டியவர்கள் வரி கட்டும் நாளில் வீட்டில் இருந்துவிட்டார்கள். கொடை ஒரு மழையாக இருந்தாற் போதாது; கிணறாக இருக்க வேண்டும்.

அன்பர்களே! இங்கே உத்தியோகத்தர் இருக்கிறீர்கள். மாதச் சம்பளம் உங்களுக்கு உண்டு. கமக்காரர் இருக்கிறீர்கள்; போகத்துக்குப் போகம் விளைவு உண்டு. நான் பெருந்தொகை கேட்க வரவில்லை. சிறிதெனினும் தவறாது கொடுங்கள். கணக்கைக் கேட்டு வாங்குங்கள். வெளியார் உதவி வந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால், முதற்காசு நம்முடையதாக இருக்கட்டும்.

காணியை இழந்த அந்தக் கமக்காரர் என்னைக் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இன்று இருக்கிறது. "வழக்கு முடியும்வரை உன் பிள்ளைகள் எங்கள் வீட்டில் உண்பார்கள்" என்று ஓர் ஊர் சொல்லுமானால், எந்த நீதிமன்றமும் அந்த ஊருக்குத் தொலைவன்று.