மாலை அடுப்பு எரிகின்றதா?

(கிளிநொச்சி மாவட்டத்தில் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இம்மேடையிலே காணியைப் பற்றிப் பேசியிருக்கின்றோம். நீர்ப்பாசனத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றோம். மொழியுரிமையைப் பற்றிப் பன்முறை பேசியிருக்கின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் நகைக்கவுங் கூடும். இரவிலே எமது வீடுகளில் முழுச் சமையல் நடைபெறுகின்றதா, இல்லையா? இதுவே இன்றைய பொருள். “இஃது அடுப்படியிற் பேசவேண்டிய விடயம், இதிற் சட்டத்தரணிக்கு என்ன அலுவல்?” என்று வினவுவோர் இருப்பர். ஒரு மக்கட்கூட்டத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் அதன் தலைவர்களுடைய அறிக்கைகளைப் படிக்கவேண்டியதில்லை. பொழுதுபட்ட பின்னர் ஊருக்குள்ளே சென்று எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகின்றது என்று எண்ணிப் பார்த்தாற் போதும் என்பதே அவர்களுக்கு எமது விடை.

ஒரு நெருப்பு, இரு வேளை உணவு

எம் முன்னோரின் உணவொழுங்கை முதலில் நோக்குவோம். கமக்காரன் வைகறையில் வயலுக்குச் செல்லுமுன் அவனுக்குக் கிடைத்தது பழஞ்சோறு. அல்லது அதனைத் தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டுக் கரைத்த பழங்கஞ்சி. அப்பழஞ்சோறு எங்கிருந்து வந்தது? முன்னைய இரவு ஆக்கிய சோற்றில் எஞ்சியதற்கு நீர் ஊற்றி வைத்தமையால் வந்தது. இரவிலே மூட்டிய நெருப்பு ஒன்று. அதனாற் கிடைத்த உணவோ இரண்டு வேளைக்கு உரியது.

ஆகவே, இரவுச் சமையலை இழந்த வீடு ஒரு வேளையை மட்டும் இழப்பதில்லை. மறுநாட் காலையையும் சேர்த்தே இழக்கின்றது. முதலாம் பாடவேளையிலேயே மேசைமீது தலை சாய்க்கும் பிள்ளையின் பசி அன்று காலையில் தொடங்கியதன்று. முதல்நாள் மாலையிலேயே தொடங்கியது. இங்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் இதனை எம்மிலும் நன்கறிவர்.

எனினும், எல்லா வீடுகளிலும் எல்லா இரவுகளிலும் சோறுங் கறியும் ஆக்கியே தீரவேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நண்பகலிற் சோறுண்டு இரவிற் புட்டோ இடியப்பமோ உண்பது நெடுநாள் வழக்கம். மதியத்துக் கறியைச் சூடாக்கிப் புட்டுடன் உண்பதில் ஒரு குறைவுமில்லை. மாரிக்கால இரவொன்றில் ஒடியற்கூழ் மாத்திரமே போதும். ஒடியல் மாவும் மீனும் மரவள்ளிக் கிழங்கும் பயற்றங்காயும் அதிற் சேர்வதால் அதுவே நிறைவான உணவாகும். வெள்ளிக்கிழமை விரதம் காப்போர் ஒருபொழுதுடன் நிறுத்துவர். கந்தசட்டியில் ஆறு நாளும் உபவாசம் இருப்போரும் எம்மிடையே உளர்.

சட்டத்திலே ஒரு வேறுபாடு உண்டு. ஒருவரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்குப் பணம் மாறுகின்றது. மனமுவந்து கொடுத்தால் அது நன்கொடை. அச்சுறுத்திப் பறித்தால் அது கொள்ளை. பணம் ஒன்றே, செயலின் தன்மையே வேறு. வெறும் பானையின் கதையும் அத்தகையதே. எனவே, “நேற்றிரவு சமைத்தீர்களா?” என்று கேட்பது போதாது. “சமைக்க விரும்பியிருந்தால் உங்களால் முடிந்திருக்குமா?” என்று கேட்கவேண்டும். இந்த இரண்டாம் வினாவிற்கு “இல்லை” என்று விடையிறுக்கும் வீடே எமது அக்கறைக்குரிய வீடு.

அரிசியும் ஆட்சியும்

அடுப்பு எரிவதும் அணைவதும் வீட்டுக்காரியின் கெட்டித்தனத்தில் மட்டுந் தங்கியிருப்பதில்லை. இத்தீவின் வரலாறே இதற்குச் சாட்சி. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை இங்கு புகுந்தது. 1953 யூலையிலே ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

1970களின் முற்பகுதியில் மக்கள் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்றனர். இறக்குமதித் தடையால் எமது வடபுலத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் அக்காலத்தில் நல்ல விலை கண்டனர் என்பதும் மறுக்க முடியாத உண்மையே. ஆயினும், நாட்டின் பெரும்பாலான அடுப்புகள் குளிர்ந்திருந்தன. 1977இல் அவ்வாட்சி வீழ்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். புதிய ஆட்சி 1979இலே பங்கீட்டை ஒழித்து உணவு முத்திரையைக் கொண்டுவந்தது. திறந்த இறக்குமதியில் எமது மிளகாயும் வெங்காயமும் விலை வீழ்ந்தன.

வடபுலத்திற்கென வேறொரு வரலாறும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் பொன்னைப்போல் அரிதாயிற்று. சிறு போத்தலில் திரியிட்ட விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். இருளுமுன் சமைத்து இருளுமுன் உண்டு முடிக்க வீடுகள் பழகிக்கொண்டன. 2009இன் முற்பகுதியிலே முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்பும் மட்டுங் கொண்ட கஞ்சியே எமது மக்களின் உயிரைத் தாங்கிற்று. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியை நாம் பகிர்ந்துகொள்வதன் பொருளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பின்னர் 2021 வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி ஓர் ஆணையால் தடுக்கப்பட்டது. நவம்பரிலே தடை நீக்கப்பட்டபோது காலபோகத்துக்குரிய காலம் கடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தில் வயல் எவ்வாறு மஞ்சளித்தது என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 2021இன் நடுப்பகுதியில் 1,500 ரூபாவுக்கும் குறைவாக விற்ற 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன் 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது, ஓராண்டுக்குமுன் நூறு ரூபா கொடுத்து வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. இந்நாட்டில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் உள்ளனர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் அவ்வாண்டு மதிப்பிட்டன. யூலையிலே ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேறினார். பானை வெறுமையானால் ஆட்சிப்பீடம் ஆடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

மலையகத்தையும் மறவாதிருப்போம். அங்கே நாள் முழுவதும் கொழுந்து பறித்து லயத்துக்குத் திரும்பும் எம் சகோதரி இரவிலே கோதுமை மா ரொட்டி தட்டிச் சம்பல் அரைக்கின்றாள். பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலே அவளது நாட்சம்பளம் 1,000 ரூபா என விதிக்கப்பட்டது. மறு ஆண்டே உணவின் விலை இரட்டிப்பை அண்மித்தது. கூலி உயர்ந்தது ஏட்டிலே. ரொட்டி குறைந்தது தட்டிலே.

கடைப் பாணும் கடன்பட்ட நெல்லும்

இரவுச் சமையலின் இடத்தைப் பல வீடுகளில் இன்று பாண் பிடித்துக்கொண்டது. கோதுமை எமது வயல்களில் விளைவதன்று. கடல் கடந்து வருகின்றது. திருகோணமலையிலே 1980இல் இயங்கத் தொடங்கியதுபோன்ற பேராலைகளில் மாவாகின்றது. டொலரின் விலை ஏறினால் பாணின் விலையும் ஏறும். 200 ரூபாவாக இருந்த டொலர் 2022 மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவானபோது இதனைக் கண்டோம். எனவே, தன் இரவுணவைப் பாணிடம் ஒப்படைத்த கமக்காரன் தன் பிள்ளையின் வயிற்றை அந்நிய நாணயச் சந்தையிடமே ஒப்படைத்தவனாகின்றான்.

நெல் விளைவிப்பவன் ஏன் பாண் வாங்குகின்றான்? பசளைக்கும் உழவுக்கும் பட்ட கடனுக்காக, அறுவடை நாளிலே வயற்கரையில் வைத்தே ஈர நெல்லை வியாபாரிக்கு விற்றுவிடுகின்றான். சில மாதங்களின் பின்னர் அதே நெல்லின் அரிசியைக் கிலோக் கணக்கில், ஏறிய விலைக்கு வாங்குகின்றான். இந்நாட்டில் ஒருவர் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் அரிசி உண்கின்றார். ஐவர் உள்ள வீட்டுக்குக் குறைந்தது ஐந்நூறு கிலோ அரிசி வேண்டும்; அதற்கு ஏறத்தாழ எண்ணூறு கிலோ நெல் தேவை. இந்த எண்ணூறு கிலோவை வீட்டில் வைத்திருக்கக் கமக்காரனுக்குச் சக்தி உண்டா என்பதே வினா.

அடுப்படியில் நிற்பவர்

நெல்லும் விறகும் இருந்தாலும் சமையல் தானாக நடைபெறாது. ஆலையில் மா அரைபட்டு வந்தபோதிலும், மாக் குழைத்தல், தேங்காய் திருவுதல், புட்டு அவித்தல், சம்பல் இடித்தல், பாத்திரம் கழுவுதல் ஆகிய அத்தனைக்கும் ஒருவர் நிற்கவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆளாகவே இருக்கின்றார். பகலெல்லாம் பாடசாலையிலோ கந்தோரிலோ வேலை செய்து களைத்து வரும் பெண், மாலையில் இன்னொரு வேலையைத் தொடங்குகின்றாள். என்றோ ஓர் இரவு கடையிற் கொத்துரொட்டி வாங்கினால், “இக்காலத்துப் பெண்கள் சமைக்க மறந்துவிட்டார்கள்” என்று திண்ணையிலிருந்து ஒரு தீர்ப்பு வருகின்றது. குற்றஞ்சாட்டுபவரே நீதிபதியாகவும் அமரும் வழக்கு இது ஒன்றே போலும்!

போரிலே கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் தாயின் நிலை இதனிலுங் கடிது. கூலி வேலை முடித்து வந்து பிள்ளைகளுக்கு ஒரு றாத்தற் பாணைப் பங்கிட்டுத் தான் வெறுந் தேநீருடன் படுத்துக்கொள்பவர்கள் இவ்வன்னி மண்ணிலே உளர். “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று கேட்டால், “ஓம் தம்பி, இப்பதான்” என்பார்கள். மானம் பொய் சொல்லவைக்கின்றது.

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் கூட்டினால் தாய்மார் வரிசை வெறுமையாக இருப்பதை அமைப்பாளர் எல்லாரும் அறிவர். அரசியல் அறிவு அவர்களுக்குக் குறைவென்பது அதன் பொருளன்று. உலையிலே அரிசி கிடக்கின்றது என்பதே பொருள். இன்றைய கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டப்பட்டது. இத்தனை தாய்மார் இங்கு அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம்.

சட்டம் என்ன சொல்கின்றது?

வசதியிருந்தும் தன் பிள்ளைக்கு உணவளியாத தந்தையை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் முன் நிறுத்தலாம். அரசை எங்கே நிறுத்துவது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, குடிமக்கள் அனைவருக்கும் போதிய உணவு, உடை, வீடு உள்ள வாழ்க்கைத்தரத்தை அரசின் நோக்கமாகக் கூறுகின்றது. இரண்டு உறுப்புரை தள்ளி, 29ஆம் உறுப்புரையில், இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்றும் கூறுகின்றது. ஒரு கையால் இலையைப் போட்டு மறு கையால் எடுப்பது இதுவே. பசியிலிருந்து விடுபட்டிருத்தல் அடிப்படை உரிமை எனக் கூறும் சர்வதேசப் பொருத்தனையை இலங்கை 1980இலேயே ஏற்றுக்கொண்டது. ஏற்றதை உள்நாட்டில் வழக்கிடத்தக்க உரிமையாக்கும்படி கோருவது பிச்சை கேட்பதாகாது.

நாம் செய்யவேண்டியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. முதலாவதாக, அறுவடையன்று வீட்டு நெல்லை முதலில் ஒதுக்குங்கள். எஞ்சியதையே விற்பனைக்கு விடுங்கள். இதற்குத் தடையாக நிற்பது கடன். ஆகவே, களஞ்சியத்தில் வைத்த நெல்லின்மீது முற்பணம் கொடுக்கும் முறையைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடைமுறைப்படுத்தவேண்டும்; அதற்கான நிதியை அரசிடமிருந்து பெறுவது எம்போன்றோரின் கடமை.

இரண்டாவதாக, ஊர்தோறும் மாதர் சங்கத்தார், அடுப்பு எரியாத வீடுகளைச் சத்தமின்றி அறிந்து வைத்திருக்கவேண்டும். பெயர்கள் மேடையில் வாசிக்கப்படலாகாது; படம் பிடிக்கப்படலாகாது. போகத்துக்கு ஒரு மூட்டை நெல்லை ஒவ்வொரு கமக்காரனும் பொதுக் களஞ்சியத்துக்குத் தந்தால், அது திருப்பிக் கொடுக்கத்தக்க கைமாற்றாகவே அவ்வீடுகளைச் சென்றடையலாம். கைமாற்று வாங்குவதில் இழிவில்லை, எல்லாரும் வாங்கியவர்களே.

மூன்றாவதாக, ஆடவரே! உங்களிடம் நாம் கேட்பது மிகச் சிறிது. தேங்காயைத் திருவுங்கள், பாத்திரத்தைக் கழுவுங்கள். உரிமையைப் பற்றி மேடையில் முழங்கும் வாய், வீட்டில் “சாப்பாடு எங்கே?” என்று மட்டுங் கேட்பது அழகன்று. அடுப்படி வேலை பாதியானால், நாளைய கூட்டத்துக்கு வரும் தாய்மாரின் தொகை இருமடங்காகும்.

வரும் காலபோக அறுவடைக்கு முன்னர் இம்மூன்றையும் இவ்வூரிலே தொடங்கிவிடவேண்டும் என்று தலைவர் அவர்களையும் உங்களையும் வேண்டிக்கொள்கின்றோம். நேரம் ஐந்தை அண்மிக்கின்றது. தாய்மார் புறப்படும் வேளை; அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள், உடன்சென்று கைகொடுங்கள்.