கருத்துரு வழி நர்சிங் கல்வியை எப்படி எடைபோடுவது?

நர்சிங் கல்வியில் பாடங்களை நோய்வாரியாக அடுக்குவது பழைய வழக்கம். நீரிழிவு ஒரு பாடம், காலரா ஒரு பாடம், நஞ்சு வேறொரு பாடம். கருத்துரு வழிப் பாடத்திட்டமோ அமில-காரச் சமநிலை, நீர்ச்சத்து, தொற்று, வலி ஆகியவற்றை முதலில் ஊன்றக் கற்பித்து, நோய்களை அவற்றுக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறது. அமெரிக்காவில் இதை வளர்த்தவர்களில் ஜீன் கிடென்ஸ் முக்கியமானவர். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங்கை எட்டு செமஸ்டர்களாக்கிக் கொண்டுவந்தது திறன் வழிப் பாடத்திட்டம். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் மனப்பாடத்தைத் தாண்ட வேண்டும் என்பதில் இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே.

அந்த நோக்கம் நிறைவேறியதா என்பதை எதில் காணலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாதிக்கப்பட்ட பலர் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். பிறகு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். நுரையீரலில் கோளாறு இல்லாமலே ஆழ்ந்த, வேகமான மூச்சு. இரத்தத்தில் அமிலம் கூடினால் மூச்சு இப்படி மாறும் என்பதை நீரிழிவு நோயாளியிடம் கற்ற மாணவி, சாராயம் குடித்தவரிடமும் அதை அடையாளம் கண்டு உடனே மருத்துவரை அழைத்தால், பாடத்திட்டம் பலித்தது என்று பொருள்.

ஆகவே தேர்ச்சி விழுக்காடும், 'வகுப்பு பிடித்திருந்ததா' என்ற படிவமும் போதா. பாடத்தில் வராத நோயாளியை முன்வைத்துச் செய்முறைத் தேர்வு நடத்த வேண்டும். சில மாதம் கழித்து அதே திறன் தங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு மாணவர்களோடு ஒப்பிடுவதில் கவனம் தேவை. ஆசிரியர்கள் மாறியிருந்தால், பயிற்சி பெறும் மருத்துவமனை மாறியிருந்தால், வேறுபாட்டுக்குப் பாடத்திட்டமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல இடங்களில் பழைய நோய்க் குறிப்புகளே புதிய தலைப்பில் ஓடும் அபாயமும் உண்டு. அதைக் கண்டறிய வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மருந்தளவு போன்ற நுணுக்கங்கள் கருத்துருவின் பெயரால் நழுவிவிடவும் கூடாது.

எடுத்துக்காட்டுகளும் மண்ணைச் சார்ந்தவையாக இருக்க வேண்டும். திண்டிவனம் அரசு மருத்துவமனையில் பயிலும் மாணவிக்கு நெடுஞ்சாலை விபத்தில் இரத்தம் இழந்தவர், பாம்பு கடித்த விவசாயி ஆகியோரே சரியான பாடம். அங்கே அவளோடு டியூட்டி பார்க்கும் வார்டு சிஸ்டரின் கருத்தையும் கல்லூரிகள் மதிப்பீட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.