செபமாலையும் அரிச்சுவடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற மேடையில் இரயில்வே குமாஸ்தா ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். நாம் கற்றது மெட்ரிகுலேஷன் அளவே. நாள்தோறும் எழுதுவது விடுப்புப் பட்டியலும் படிக் கணக்கும். இலக்கியம் பேசும் தகுதி நமக்கில்லை. ஆயினும், "உங்கள் வீட்டில் 6 பிள்ளைகள். 6 பேரும் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லோரும் தமிழ் வாசிக்கிறார்களே, எப்படி?" என்று நம் செயலாளர் ஓராண்டாகக் கேட்டு வருகிறார். அவருக்குத் தனியே சொல்வதைவிட அவைக்கே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறோம்.

வீட்டுக் கல்வி என்னும் சொல் அண்மைக் காலமாக இந்நகரில் அடிபடுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பித்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகத் தேர்வு எழுதச் செய்யும் பெற்றோர் சிலர் மும்பையில் இருக்கின்றனர். 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதனை வெளிப்படையாகத் தடுக்கவுமில்லை, வெளிப்படையாக ஏற்கவுமில்லை. அதற்கு வேண்டிய ஓய்வும் பொருளும் படிப்பும் உடையோர் அதனைச் செய்க. நாம் சொல்ல வந்த வீட்டுக் கல்வி வேறு. பள்ளிக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்குப் பள்ளி கொடாத இரண்டை, அதாவது பக்தியையும் தாய்மொழியையும், இரவில் முக்கால் மணி நேரம் வீடு கொடுப்பது அது.

எம் இல்லம் தாராவியில் உள்ளது. வீடு ஒன்று, அறையும் ஒன்று, நீளம் 12 அடி, அகலம் 10 அடி, மேலே ஒரு பரண். அதில் எம் தாயார், நாம் இருவர், பிள்ளைகள் 6 பேர், ஆக 9 பேர். மூத்தவளுக்கு 17 வயது, கடைக்குட்டிக்கு 5. இரவு 8 மணிக்கு மாதா சுரூபத்தின் முன் விளக்கேற்றி எல்லோரும் பாயில் அமர்வோம். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். சுவர் நம்முடையது என்றாலும் ஓசை எல்லோருக்கும் பொது. எம் தாயார் சிலுவை அடையாளம் வரைந்து செபமாலையைத் தொடங்குவார். பத்து மணிக்கு ஒரு பிள்ளை என முறை வைத்துச் சொல்ல வேண்டும். பின்பு நற்செய்தியில் சில வரிகளை ஒரு பிள்ளை வாசிக்கும். எழுத்தறியாத பிள்ளை வரியின் கீழே விரல் ஓட்டிச் செல்லும். அதன் பின் பலகையும் பலப்பமும் வெளிவரும். மூத்தவள் மூன்றாமவனுக்கும், இரண்டாமவன் நான்காமவளுக்கும், இப்படியே கீழிறங்கிக் கடைக்குட்டி வரை பாடம் நடக்கும். எம் இல்லத்துப் பள்ளி இவ்வளவே.

செபமாலை பக்திக்கு உரியது. அதைப் பாடப் பொருளாக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். 53 மணிச் செபமாலை என்று பெரியோர் சொல்வார்களே, எம் பிள்ளைகள் எண்ணக் கற்றது அதில்தான். பத்துப் பத்தாக 5 முறை, முன்னே 3, ஆக 53 அருள் நிறை மந்திரம். பரலோக மந்திரத்துக்கு 6 மணி. கூட்டினால் 59. கடைக்குட்டி வாய்ப்பாடு அறியுமுன்னே ஐம்பத்தைப் பத்தால் வகுக்கக் கற்றுக்கொண்டான். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை, 14 நிலைகள். நிலைக்கு ஒரு பக்கம் என வாசிக்கக் கொடுத்தால் அதைக்காட்டிலும் நல்ல வாசிப்புப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

இதில் சுவையான ஒரு செய்தி உண்டு. செபமாலைக்குப் பல நூற்றாண்டுகளாகச் சந்தோஷம், துக்கம், மகிமை என்னும் மூவகையில் 15 தேவ இரகசியங்களே இருந்தன. 2002ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் ஒளியின் இரகசியங்கள் ஐந்தினைச் சேர்த்து 20 ஆக்கினார். அவற்றை வியாழக்கிழமைக்கு உரியன என்றார். எம் தாயாரோ சிறு வயது முதல் வியாழனன்று சந்தோஷ இரகசியம் சொல்லிப் பழகியவர். இன்றும் வியாழன் இரவு அவர் பழையபடி தொடங்குவார். "ஆச்சி, இன்றைக்கு ஒளி!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் திருத்துவர். முகம் சுளித்துக்கொண்டே அவரும் மாற்றிக்கொள்வார்.

பிள்ளை பெரியவர்க்குக் கற்பிப்பது முறையா என்று வினவலாம். நம் கடற்கரையில் கிறித்தவக் கல்வி வேரூன்றியதே அப்படித்தான். தூய பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு கோவா வந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் கற்பிப்பார் இன்றி இருந்தனர். சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டினார். கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சென்று கற்பிக்கும்படி அச்சிறுவரைப் பணித்தார். இச்செய்தியை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே கூறியுள்ளார். பள்ளிக் கட்டடம் இல்லை. போதிய ஆசிரியர் இல்லை. அச்சிட்ட நூலும் இல்லை. வீடு இருந்தது, பிள்ளை இருந்தது. எம் முன்னோர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரினர்; அவர்கள் வீடுகளில் அன்று ஏறிய செபம் இன்றும் இறங்கவில்லை.

நூல் பின்னர் வந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சாயின. 1578இல் அண்டிரிக் அடிகளார் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறிற்று. அது 16 பக்கமுள்ள சிறு நூல். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. காப்பியமோ இலக்கணமோ அச்சேறுமுன் வீட்டில் வைத்து ஓதும் செப நூல் ஒன்று அச்சேறியது. தமிழர் எச்சமயத்தாராயினும் மகிழத்தக்க செய்தி இது என்று கருதுகிறோம்.

இந்நகரத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1964 நவம்பர் 21 அன்று வத்திக்கான் பொதுச் சங்கம் திருச்சபையைப் பற்றிய கொள்கை ஏட்டை வெளியிட்டது. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அது கூறிற்று. பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதற் போதகர் என்றும் உரைத்தது. 11 நாள் கழித்து, டிசம்பர் 2ஆம் நாள், பாப்பரசர் ஆறாம் பால் நற்கருணை மாநாட்டுக்காக நம் பம்பாயில் வந்திறங்கினார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் பாப்பரசர் அவர். அக்கூட்டத்தை நேரில் கண்ட முதியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொன்னதெல்லாம் கூட்டத்தின் பெருமையைத்தான். இல்லத் திருச்சபை என்னும் அச்சொல்லை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. பெரு விழாவின் ஆரவாரத்தில் வீட்டு விளக்கு கண்ணில் படுவதில்லை போலும்.

இனி, இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். பள்ளியில் பிள்ளைக்கு ஆங்கிலம், மராத்தி, இந்தி. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் மராத்தி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். இம்மண்ணில் வாழ்வோர் இம்மண்ணின் மொழியைக் கற்பது முறையே, அதில் நமக்கு மாறுபாடில்லை. தமிழுக்குத்தான் அங்கே இடமில்லை. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆயினும் பின்னாளில் வேலை வேண்டுமே என்று ஆங்கிலப் பள்ளியை நாடுவோரே நம்முள் மிகுதி. நாமும் அவருள் ஒருவரே. ஆகவே நம் பிள்ளைகள் தமிழ் பேசுவர். எழுத்தைக் கண்டால் விழிப்பர்.

சொல்லிலும் சிக்கல் உண்டு. எம் தாயார் 'இஸ்பிரீத்துசாந்து' என்பார். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்த பழஞ்சொல். நாம் சிறுவராய்க் கற்றது 'பரிசுத்த ஆவி'. இக்காலத் திருப்பலியில் 'தூய ஆவியார்'. எம் பிள்ளைகள் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் கேட்பது 'ஹோலி ஸ்பிரிட்'. ஒரே பாயில் அமர்ந்து ஒரே செபத்தைச் சொல்லுகையில் அவ்விடம் வந்ததும் நான்கு சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எச்சொல்லையும் நாம் தடுப்பதில்லை. தாயாரின் சொல்லையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாயிருக்கிறோம்.

இரண்டாமவன் 13 வயதில் ஒருநாள் எதிர்த்துக் கேட்டான். "தேர்வு ஆங்கிலத்தில், மறைக்கல்வி ஆங்கிலத்தில், நண்பரோடு பேச்சு இந்தியில். செபம் மட்டும் ஏன் தமிழில்? ஆண்டவருக்கு ஆங்கிலம் தெரியாதா?" நாம் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே மூத்தவள் சொன்னாள்: "ஆண்டவருக்குத் தெரியும். ஆச்சிக்குத் தெரியாது."

சென்ற ஆண்டு எம் தாயார் நோயுற்று 19 நாள் மருத்துவமனையில் கிடந்தார். கண் புரை முற்றி எழுத்துத் தெரியவில்லை. தாதியர் மராத்தியிலும் மலையாளத்திலும் அன்பாகவே பேசினர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலைதோறும் பள்ளி விட்டதும் இரண்டாமவனே சென்று பக்கத்தில் அமர்ந்து மாதா பிரார்த்தனையை வாசித்தான். குறிலை நெடிலாக்கியும், ழகரத்தை விழுங்கியும் தட்டுத் தடுமாறித்தான் வாசித்தான். பேசவும் வலுவில்லாதவர் என்று மருத்துவர் சொல்லியிருந்த எம் தாயார், பிழை வந்த இடத்திலெல்லாம் கையை உயர்த்தி நிறுத்தித் திருத்திச் சொன்னார். அடுத்த கட்டிலில் மதுரைப் பக்கத்து அம்மையார் ஒருவர் இருந்தார், இந்து சமயத்தவர். "தம்பி, சற்று உரக்கப் படி, நானும் கேட்கிறேன்" என்றாராம். தாயார் வீடு திரும்பிவிட்டார். வாசலோரக் கட்டிலிலிருந்தே இப்போது செபமாலை தொடங்குகிறார்.

அலுவலக நண்பர் ஒருவர் நம்மோடு வாதிடுவார். நாளுக்கு 45 நிமிடமென்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 274 மணி நேரம். அதனைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் தனிப் பயிற்சியாகக் கொடுத்தால் பிள்ளை எங்கேயோ போய்விடுவான் என்பார். பெருக்கல் சரியாகவே இருக்கிறது. பிள்ளை எங்கேயோ போய்விடுவான் என்பதும் சரியே. நம் அச்சமும் அதுதான். மேலும், தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் அக்காள் தானும் ஒருமுறை கற்கிறாள். பெரிய குடும்பத்தைப் பற்றி இக்காலத்தார் பலவாறு பேசுவர். உணவுக்கும் உடைக்கும் இடர்ப்படுவது உண்மையே. ஆசிரியருக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை.

ஆண்மக்களுக்கு ஒரு சொல். செபமும் அரிச்சுவடியும் பெண்டிர் பாடு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். குழாயில் நீர் வரும் நேரத்துக்கு விடியுமுன் எழுந்து, 9 பேருக்குச் சமைத்து, துணி துவைத்து ஓய்ந்திருக்கும் அம்மையாரிடம் ஞானோபதேசத்தையும் சேர்த்து ஒப்படைப்பது நீதியன்று. இரவுப் பணி உள்ள வாரங்களில் நமக்கு எட்டு மணிச் செபம் வாய்ப்பதில்லை. அதற்கு ஈடாகப் புதன்கிழமை மாகிம் தூய மிக்கேல் ஆலயத்து நவநாளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். 1948 முதல் அங்கே அந்த நவநாள் நடந்து வருகிறது. போகும் வழி நெடுகச் சொல் விளையாட்டு. ஊருக்குப் போகும் பயணம் இன்னும் பெரிய பள்ளி. இந்நகர இரயில் நிலையப் பலகைகளில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் உண்டு, தமிழ் இல்லை. நாகர்கோவில் வண்டியில் ஏறினால், தமிழெழுத்து எழுதிய முதல் நிலையப் பலகையை யார் முந்திப் படிப்பது என்று எம் பிள்ளைகளுக்குள் போட்டி. நடு இரவானாலும் தூங்கமாட்டார்கள்.

இது கத்தோலிக்கர்க்கே உரிய செய்தி என்று யாரும் எண்ண வேண்டா. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பேரனை மடியில் வைத்துத் தேவாரமும் திருப்பாவையும் சொல்லித் தரும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். தாத்தாவோடு தமிழ் வேதாகமம் படிக்கும் சீர்திருத்த சபையாரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரவர் வீட்டில் மனப்பாடமாய் இருப்பது எதுவோ அதிலிருந்து தொடங்கினால் போதும். ஓசை முன்னமே காதில் இருப்பதால் எழுத்து எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். புதுப் பாடநூலை வாங்கித் தொடங்கியோர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

அரிச்சுவடியும் ஆத்திசூடியும் சில படிகள் கொண்டுவந்திருக்கிறோம். வாயிலருகே மேசையில் எம் மூத்த மகள் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். விலை இல்லை, பிள்ளையின் பெயரையும் வயதையும் அவளிடம் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள்.