தாய்க் கற்றாழையும் பக்கக் கன்றும்



நாம் குமரி என்றும் சோற்றுக் கற்றாழை என்றும் வழங்குவதை வங்கத்தார் கிருதகுமாரி என்பர். பெயரில் உறவுண்டு; மண்ணிலும் மழையிலும் இல்லை. நம் காலனியில் இச்செடி மாள்வது வெயிலால் அன்று. ஆனி முதல் புரட்டாசி வரை தொட்டியில் தேங்கும் நீரால்.

மடலை வெட்டி நட்டால் பெரும்பாலும் அழுகிவிடும். தாயின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றே தக்கது. அது நான்கைந்து மடல் விட்டு, தனக்கென வேர் கொண்டபின், மாசியிலோ பங்குனியிலோ கூரிய கத்தியால் வேருடன் பிரித்தெடுங்கள். உடனே நடாதீர்கள்! இரண்டு மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும். வெட்டுவாய் உலர்ந்து மூடவேண்டும். ஈரப் புண் மண்ணைத் தொட்டால் அழுகல் புகும். இவ்வூர்க் களிமண்ணில் சரிபாதி மணல் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட்டு, ஒரு வாரம் நீர் வார்க்காதிருங்கள். செடியைக் கண்டதும் செம்பைத் தூக்கும் நமக்கு இதுவே கடினம்.

மாற்றல் உத்தரவு வந்தால் துளசி மாடத்தைத் தூக்கிச் செல்ல இயலாது. கற்றாழைக் கன்றுக்கோ, உலர்வதற்கு வேண்டிய நாளே பயண நாள். காகிதத்தில் சுற்றிவைத்தால், ஹவுராவிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டரும் நீர் கேளாமல் உடன்வரும்.

என் தாய்ச்செடியின் அடியில் இப்போது 7 கன்றுகள் உள்ளன. மாசியில் வருவோர் கத்தி கொணர வேண்டா, காகிதம் கொணர்க.