முதலில் காது, அப்புறம்தான் கத்தரி!

(தலைப்பு: நகரத்து சலூன்களில் வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது மனநிறைவா, மனக்குறையா? ‘மனநிறைவே’ அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

 

எதிரணித் தம்பி இப்போ ஒரு கணக்குச் சொன்னார். “போர்டுல 150 ரூபாய்னு போட்டிருந்தது. வெளியே வரும்போது 1,850 ரூபாய் கட்டினேன்” என்றார். நான் அவர் தலையைப் பார்த்தேன். மீதி 1,700 ரூபாய்க்கு என்ன செஞ்சாங்கன்னு எனக்கும் தெரியலை ஐயா! (சிரிப்பு)

நடுவர்: அவர் தலையைப் பாருங்க, வேண்டாங்கலை. தயவுசெய்து இந்தப் பக்கம் திரும்பிடாதீங்க! (பலத்த சிரிப்பு)

ஐயா, உங்களுக்கெல்லாம் வெட்டுக்கூலி கிடையாது. தேடுகூலிதான்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த 1,700 ரூபாய் எப்படிப் போகுதுன்னு நான் சொல்றேன். ஏ.சி. போட்ட கடை. நாற்காலியில் உட்கார வைப்பாங்க. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டுவாங்க. கை ரெண்டும் துணிக்குள்ளே போயிடும். கண்ணாடியைக் கழட்டி வாங்கி வெச்சுக்குவாங்க. இப்போ நமக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குரல் வரும். “சார், முடி ரொம்பக் கொட்டுதே...” அவ்வளவுதான்! நாற்பது வருஷமா கொட்டுது, அதுவரைக்கும் கவலைப்படாத மனுஷன் அப்போதான் கவலைப்படுவான். “ஸ்பா பண்ணிடலாமா சார்? டான்ட்ரஃப் ட்ரீட்மென்ட்? லேசா கலரிங்?” நாம ‘ம்’ என்போம். ‘ம்’ ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட்! (சிரிப்பு)

குறையே கிடையாதுன்னு வாதாட நான் வரலை ஐயா. நமக்கும் ஒரு காது வேணும், ஒரு வாய் வேணும். உட்காரும்போதே “மொத்தம் எவ்வளவு ஆகும்?”னு கேட்கணும். பில்லை வாங்கிப் படிக்கணும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து சலூன் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. உங்க பில்லில் அது குறைஞ்சிருக்கான்னு யாராவது பார்த்தீங்களா? ஹோட்டலில் ஒரு வடை கூடப் போட்டிருந்தா சண்டை போடுற ஆளு, சலூன் பில்லை மடிச்சுப் பாக்கெட்டில் வெச்சுக்கிட்டு வந்துடுறான். (கைதட்டல்) ஏமாத்தினா 1915-க்கு ஒரு போன் போடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

“முடி வளர்ந்துடும், இதுக்கெல்லாமா புகார்?”னு கேட்பாங்க. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில், சொன்ன அளவை விட்டுட்டு முடியை ரொம்பக் குட்டையா வெட்டிட்டாங்கன்னு ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். 2021-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் நஷ்ட ஈடுன்னு உத்தரவு போட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, நஷ்டத்துக்கு ஆதாரத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்கன்னு திருப்பி அனுப்பிச்சது. ஆனா சேவையில் குறை இருந்ததுங்கிற முடிவில் கை வைக்கலை. இதில் நான் பார்க்கிறது 2 கோடியை இல்லை ஐயா. அந்தம்மா வாயைத் திறந்து சொல்லியிருக்காங்க. சொன்னது காதில் விழலை. குற்றம் கத்தரி மேல இல்லை, காது மேல! (கைதட்டல்)

இதுதான் என் அளவுகோல். நல்ல கடை, கெட்ட கடைன்னு ஏ.சி.யை வெச்சு முடிவு பண்ணாதீங்க. காது முதல்ல வேலை செய்யுதா, கத்தரி முதல்ல வேலை செய்யுதான்னு பாருங்க. நல்ல கடைக்காரர் “ஷார்ட்டா, மீடியமா?”ன்னு கேட்டுட்டு உடனே மெஷினை எடுக்க மாட்டார். “போன தடவை எப்போ வெட்டினீங்க? பின்னால சுழி இருக்கே, அங்கே கொஞ்சம் விடட்டுமா?”ன்னு கேட்பார். புது பிளேடை நம்ம கண்ணு முன்னாடி பிரிப்பார். ஒருத்தருக்குப் போட்ட பிளேடை இன்னொருத்தருக்குப் போட்டா மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவ வழியிருக்குன்னு அவருக்குத் தெரியும். டை அடிக்க வந்தா, “முதல்ல காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வெச்சு ரெண்டு நாள் பாருங்க, அரிச்சா வேண்டாம்”பார். “கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடுப்பா”ன்னு நாமளே கேட்டாலும் எடுக்க மாட்டார். கழுத்தை வெடுக்குன்னு திருப்பினா ரத்தக் குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம்னு நரம்பியல் டாக்டர்கள் எச்சரிக்கிறாங்க. வர்ற காசை வேண்டாம்னு சொல்றவர் அவர்!

இப்போ எதிரணிக்கு ஒரு கேள்வி. காசு கூடப் போச்சு, கிருதா ஏறி இறங்கிப் போச்சுன்னு அடுக்கினீங்களே, இந்த நாட்டில் முடிவெட்டுற நாற்காலியில் உட்காரவே முடியாதவன் இருந்தானே, அவனை நினைச்சீங்களா? அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிச்சது. 1955-லேயே அதைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் வந்தது. அதுக்கப்புறமும் உள்ளூர் கடையில் இடமில்லைன்னு முடிவெட்டிக்க டவுனுக்குப் பஸ் ஏறின ஜனங்க இந்தத் தமிழ்நாட்டில் உண்டு. இன்னிக்கும் அப்படிச் செய்தி வரத்தான் செய்யுது. டவுன் சலூனில் டோக்கன் நம்பர்தான் கேட்பான், தெருப் பேரைக் கேட்க மாட்டான். அந்த ஜனங்களுக்கு அது ஹேர்கட் இல்லை ஐயா, மரியாதை! (நீண்ட கைதட்டல்)

உட்கார விடுறதுதான் முதல் சேவைன்னு எனக்குக் கத்துக்கொடுத்தவன் என் தங்கச்சி மகன். ஆட்டிசம் உள்ள பிள்ளை. நம்ம வழக்கப்படி தாய்மாமன் மடியில் வெச்சுத்தான் மொட்டை போட்டோம். அன்னிக்கு அவன் கத்தின கத்தலைப் ‘பிள்ளைன்னா அழத்தானே செய்யும்’னு எல்லோரும் சொன்னாங்க. வளர்ந்த பிறகுதான் புரிஞ்சது. மெஷின் சத்தம் நமக்கு ‘கிர்ர்’னு கேட்டா, அவனுக்குத் தலைக்குள்ள ஆலை ஓடுற மாதிரி. கழுத்தில் ஒரு துணுக்கு முடி விழுந்தா நமக்கு அரிப்பு, அவனுக்கு முள்ளு.

ஆறு வயசில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். பேரைச் சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் கையைப் பிடிச்சாங்க, ஒருத்தர் தலையைப் பிடிச்சார். பாதி வெட்டினதும் பிள்ளை துடிச்சு இறங்கிட்டான். கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னார்: “இந்தப் பையனை இனிமே இங்கே கூட்டிட்டு வராதீங்க சார். மத்த கஸ்டமர் எழுந்து போயிடுறாங்க.” பாதித் தலையோடு வெளியே வந்தோம். முழு பில்லும் வாங்கிட்டாங்க. என் தங்கச்சி பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசலை. ஆட்டோவில் முந்தானையால் பிள்ளை தலையை மூடிக்கிட்டு வந்தா.

(அரங்கில் அமைதி)

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சின்னக் கடை. ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. அந்த அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, “மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க சார், கடையில் ஆள் இருக்காது”ன்னார். முதல் நாள் முடியே வெட்டலை. ரேடியோவை அணைச்சார். பிள்ளை கையில் சீப்பைக் கொடுத்து, தன் தலையைக் குனிஞ்சு காட்டினார். இவன் அவருக்குச் சீவி விட்டான்! ரெண்டாவது தடவை கத்தரியைத் தூரத்தில் வெச்சு ‘சிக் சிக்’னு சத்தம் மட்டும் கேட்க வெச்சார். மூணாவது தடவை நாலே நாலு வெட்டு. நாலாவது தடவை மெஷினே தொடாமல், வெறும் கத்தரியால், தரையில் உட்கார்ந்து ஒண்ணரை மணி நேரம். பிள்ளை நாற்காலியில் உட்காரலை, அதனால் இவர் தரையில் உட்கார்ந்தார் ஐயா! (கைதட்டல்)

எவ்வளவுண்ணேன்னு கேட்டேன். “ஒரு கட்டிங் சார்”னார். நாலு தடவை வந்தோமேன்னேன். “மத்த மூணு நாளும் தம்பிதானே எனக்குச் சீவி விட்டான், அதுக்கு நான்ல கொடுக்கணும்!”னார்.

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, அந்த ஏ.சி. கடையில் அந்தப் பிள்ளை ஒரு தொந்தரவு. இந்த ஃபேன் கடையில் அவன் ஒரு வாடிக்கையாளர். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன்னு ஒருத்தர் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்னவர். காத்திருக்கிறவங்களுக்காகத் தன் சலூனுக்குள்ளேயே நூலகம் வெச்சு, படிக்கிறவங்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் கொடுத்தார். 2020 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அவரோட பேசினார். தலைக்கு வெளியே வேலை பார்த்த மனுஷன், தலைக்கு உள்ளேயும் வேலை பார்த்தார்! (கைதட்டல்)

எதிரணி சொன்ன குறையெல்லாம் பில்லில் எழுதக்கூடிய குறை. கேள்வி கேட்டா தீரும், புகார் கொடுத்தா தீரும். நான் சொன்ன நிறைவை எந்தப் பில்லிலும் எழுத முடியாது. அதையும் இந்த நகரத்து சலூன்தான் கொடுக்குது. அதனால் நகரத்து சலூனில் நமக்கு மிஞ்சுவது மனநிறைவே, மனநிறைவே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)