பீஜித் தீவுகளில் இளம் மருத்துவர்கள்



சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிப் பனி தில்லி நகரை மூடியிருந்த ஓர் இரவில், நம் குடியிருப்பைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து தூக்கி எறியப்பட்டார். செய்தி கேட்டு நாமும் அண்டை வீட்டாரும் அவரை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே பணியில் இருந்தவர் இருபத்தைந்து வயதும் நிரம்பாத ஒரு டாக்டர். இளைஞரின் தலைத் தோல் கிழிந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. டாக்டர் அதைத் தைப்பதிலேயே முழுக் கவனமும் செலுத்தினார். இதற்கிடையே இளைஞரின் தொண்டையிலிருந்து குறட்டை போன்றதொரு ஓசை வந்துகொண்டிருந்தது. உறக்கம் என்றே நாம் எண்ணினோம். வேறொரு பிரிவிலிருந்து ஏதோ பொருள் எடுக்க வந்த மூத்த செவிலியர் ஒருவர் அவ்வோசையைக் கேட்டவுடன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் நின்று, கழுத்தை அசைக்காமல் இரு கைகளாலும் கீழ்த்தாடையை முன்னே தூக்கிப் பிடித்தார். ஓசை நின்றது, நீலம் பாய்ந்திருந்த உதடுகளில் நிறம் வந்தது. இளைஞர் பிழைத்தார். விடியற்காலை தாழ்வாரத்தில் அந்த டாக்டர் நம்மிடம், "எத்தனையோ புத்தகம் படித்தேன், அங்கிள். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் எனக்குக் காட்டித் தரவில்லை" என்று இந்தியில் கூறினார். அவர் மீது நமக்குக் கோபம் வரவில்லை.

பிற்காலத்தில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டபோது, அதில் 'பொன்னான நேரம்' என்பதற்கு ஒரு விளக்கம் கண்டோம். கடுங்காயம் நேர்ந்ததை அடுத்த ஒரு மணி நேரம், உடனடிச் சிகிச்சையால் உயிரிழப்பைத் தடுக்கப் பெரிதும் வாய்ப்புள்ள காலம் என்பது அதன் கருத்து. சொற்களைப் பெயர்த்தாயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் தனித்து நிற்கும் இளம் மருத்துவர் என்ன செய்கிறார், அதை அவருக்கு யார், எப்படிக் கற்பிக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. அதைத் தேடிச் சென்றபோது, தில்லியோ சென்னையோ அல்ல, பசிபிக் மாகடலில் உள்ள ஒரு சிறு நாடு விடை தந்தது.

பீஜியை நாம் நேரில் கண்டதில்லை. ஆயினும் தமிழருக்கு அது அறியாத பெயர் அன்று. 1879 முதல் 1916 வரை, கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். முதலில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்தும், 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1926-இல் தோன்றிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துவதோடு, லம்பாசாவில் செவிலியர் கல்லூரி ஒன்றையும் நடத்துகிறது. அங்குள்ள தமிழ் வழியினர் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பீஜி இந்தி. பிற மாநிலங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது வியப்பாக இராது.

அந்நாட்டின் மருத்துவ வரலாறு துயரத்தில் தொடங்கியது. 1875-இல் கப்பல் வழியே வந்த தட்டம்மை, சுமார் 40,000 பீஜியரைக் கொண்டுபோயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து முதல் இந்தியக் கூலிகளை ஏற்றி வந்த லியோனிதாஸ் கப்பலில் காலராவும் பெரியம்மையும் இருந்தன. மற்றொரு கொள்ளை நோய் வந்துவிடுமோ என்ற அச்சத்தில், அம்மை குத்தும் தொழிலை உள்ளூர் இளைஞர்க்குக் கற்பிக்கத் தலைப்பட்டனர். 1885-இல் சுவா நகரில் உருவான மருத்துவப் பள்ளி அவ்வாறு பிறந்ததே. இன்று அது பீஜி தேசியப் பல்கலைக்கழகத்தின் அங்கம். சமோவா, தோங்கா, கிரிபாட்டி, வனுவாட்டு முதலிய தீவுகளின் மாணவர்களும் அங்கே பயில்கின்றனர்.

பள்ளி தோன்றுவதற்கு முந்திய ஆண்டில் நடந்த ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். 1884 மே 11 அன்று இரவு, கல்கத்தாவிலிருந்து கூலிகளை ஏற்றி வந்த சிரியா என்னும் கப்பல் நசிலாய்ப் பவளப் பாறையில் மோதிச் சிதைந்தது. செய்தி போய்ச் சேரவும் படகுகள் வந்து சேரவும் நெடுநேரமாயிற்று. மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கியவர் அக்குடியேற்றத்தின் தலைமை மருத்துவர் வில்லியம் மக்ரெகர். அவரும் மற்றோரும் அலைகளில் இறங்கிப் பலரைக் கரை சேர்த்தும் 59 பேர் மாண்டனர். தூரமும் தாமதமும் உயிரை எடுக்கும் என்பதை அத்தீவுகள் அன்றே கண்டுவிட்டன.

அந்தத் தூரம் இன்றும் குறையவில்லை. 300-க்கு மேற்பட்ட தீவுகள். அவற்றுள் ஏறத்தாழ நூற்றில் மக்கள் வாழ்கின்றனர். மொத்த மக்கள் தொகை ஒன்பது இலட்சம் அளவே. நம் நாட்டின் ஒரு நடுத்தர நகருக்குச் சமம் எனலாம். பெரிய மருத்துவமனைகள் மூன்று: சுவாவிலும் லௌட்டோகாவிலும் லம்பாசாவிலும். வெளித் தீவுகளில் ஒரு மருத்துவரோ ஒரு செவிலியரோ மட்டுமே இருப்பர். கரும்பு வெட்டும் பருவத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் சாலைகளை அடைத்துக்கொண்டு செல்லும். வெட்டுக்கத்தியால் காயமுறுவோரும், மரத்திலிருந்து விழுவோரும், அடுப்புத் தீயில் வெந்தோரும் வருவர். இதனோடு அரசியலும் சேர்ந்தது. 1987 மே 14 அன்று இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. லியோனிதாஸ் கரை சேர்ந்ததும் ஒரு மே 14 அன்றுதான். அதன் பின் இந்திய வழியினர் பெருந்தொகையாக நாட்டை விட்டு நீங்கினர். மருத்துவர் பலரும் அவர்களுள் அடங்குவர். மூத்தோர் சென்றுவிட, இரவுப் பணி இளையோர் தலையில் விழுந்தது.

காயமுற்றோரைக் கவனிக்கும் முறையை வகுத்தவர்கள் முதலில் பணக்கார நாட்டினரே. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் தாமே ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயலில் விழுந்தது. மனைவி இறந்தார்; குழந்தைகள் படுகாயமுற்றனர். சிற்றூர் மருத்துவமனையில் தம் குழந்தைகளுக்குக் கிடைத்த சிகிச்சையைக் கண்டு அவர் மனம் வெதும்பினார். அங்குள்ளோர் தீயவரல்லர், பயிற்சி இல்லாதவர். அவரும் நண்பர்களும் வகுத்த பாடமுறை 1978-இல் அம்மாநிலத்திலேயே முதலில் நடந்தது; 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது. நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஆகும் செலவும், அது எதிர்பார்க்கும் கருவிகளும் சிறு தீவுகளுக்கு எட்டாதவை.

எனவே 1990-களின் பிற்பகுதியில், டக்ளஸ் வில்கின்சன், மார்கஸ் ஸ்கின்னர் என்னும் மயக்க மருத்துவர் இருவரின் முயற்சியால் 'பிரைமரி டிராமா கேர்' என்ற எளிய பாடமுறை உருவாயிற்று. அதன் தொடக்க வகுப்புகள் பீஜியில் நடைபெற்றன. இருப்பதைக் கொண்டு செய்வதே அதன் கொள்கை. ஸ்கேன் எந்திரம் இல்லையா? கண்ணும் காதும் கையும் உண்டு. பெரியதொரு மண்டபம், சில மேசைகள், காயமுற்றவராக நடிக்க ஒரு தொண்டர், மூச்சு வழியைப் பழகுவதற்கு ஒரு பொம்மை, இவையே மூலதனம். இன்று அம்முறை நம் நாடு உள்படப் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது.

முதற்பாடம் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு மிகவும் இனித்தது. காயமுற்றவரிடம் செல்லும் மருத்துவர் முதலில் எடுக்க வேண்டியது கருவியன்று, ஒரு கேள்வி: "உங்கள் பெயர் என்ன?" தெளிவாக விடை வருமானால், மூச்சு வழி திறந்திருக்கிறது, பேசும் அளவுக்கு நெஞ்சில் காற்று இருக்கிறது, மூளைக்கு இரத்தம் செல்கிறது, நினைவும் இருக்கிறது. நான்கு சோதனைகள் ஒரே வாக்கியத்தில் முடிந்தன! ஆனால் கேள்வி கேட்கப்பட்டவருக்குப் புரிய வேண்டுமன்றோ? பீஜிய மூதாட்டியிடம் "ஓ தேய் நா யதாமு?" என்றும், கரும்பு விவசாயியிடம் "துமார் நாம் கா ஹை?" என்றும் கேட்டாக வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டு, விடையின்றி நிற்பவரை நினைவிழந்தவர் என்று எழுதிவிடலாகாது. மொழியும் ஒரு மருத்துவக் கருவியாவதை நாம் இங்கே கண்டோம்.

விடை வரவில்லையானால் வரிசை தொடங்கும். ஆங்கில எழுத்துகளின் முறையிலேயே அதை மனத்தில் பதிக்கின்றனர். ஏ என்றால் மூச்சு வழி. கழுத்தெலும்பைக் காத்துக்கொண்டே அதைத் திறக்க வேண்டும். பி என்றால் மூச்சு; சி இரத்த ஓட்டம்; டி நினைவு நிலை; இ என்பது உடை நீக்கி உடல் முழுதும் பார்த்தல், பார்த்தபின் குளிராமல் போர்த்துதல். இது அகர வரிசை என்பதற்காக வந்ததன்று. மூச்சு வழி அடைபட்டவர் நிமிடங்களில் இறப்பார். உடைந்த கால் காத்திருக்கும். கண்ணைக் கவரும் காயமே கொல்லும் காயம் என்று எண்ணுவது மனித இயல்பு. பயிற்சி முழுவதும் இவ்வியல்போடு நடக்கும் போராட்டமே. நம் தில்லி டாக்டர் தலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாரே, அவரை இவ்வரிசை தாடைக்குத் திருப்பியிருக்கும்.

ஒவ்வொரு படியிலும் கண்டதைக் கண்டவுடன் சரிசெய்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஒரு புறம் நெஞ்சு அசையவில்லை, கழுத்து நரம்புகள் புடைத்துள்ளன, நாடி தளர்கிறது என்றால் எக்ஸ்ரே படத்திற்காகக் காத்திருக்கலாகாது. நெஞ்சுக்கூட்டில் சிக்கி நுரையீரலை நெருக்கும் காற்றை ஓர் ஊசியால் வெளியேற்ற வேண்டும். இளம் டாக்டர்கள் மிகவும் தயங்கும் இடம் இதுவே என்பர். பிறர் நெஞ்சில் ஊசி செலுத்தும் துணிவு ஏட்டுப் படிப்பால் வருமா? பலமுறை கை பழகினால் வரும்.

இரத்தப் போக்குக்கு முதல் மருந்து அழுத்திப் பிடிக்கும் கை. சேமித்த இரத்தம் அரிதான இடங்களில் உறவினரையும் ஊராரையும் அழைத்துப் பெற வேண்டியிருக்கும். ஆகவே அழைப்பு முன்னரே போக வேண்டும். அண்மைக்கால அறிவு ஒன்றும் இதில் சேர்ந்தது. 2010-இல் வெளியான 'கிராஷ்-2' என்னும் ஆய்வு, 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோரிடம் நடந்தது. டிரானெக்சாமிக் அமிலம் என்னும் விலை குறைந்த மருந்தைக் காயம் நேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், இரத்தப் போக்கால் நேரும் மரணம் குறையும் என்று அது காட்டியது. காலங்கடந்து கொடுத்தால் தீங்கும் விளையலாம். ஓர் ஊசி மருந்தும் ஒரு கடிகாரமும் போதும். வெளித் தீவுக்கு ஏற்ற மருத்துவம் இதுவே.

கலைச்சொல் ஒன்றினால் நாம் பட்ட பாட்டையும் கூற விரும்புகிறோம். பலர் ஒரே சமயத்தில் காயமுற்று வரும்போது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதை 'டிரையாஜ்' என்பர். 'தரம் பிரித்தல்' என்று எழுதினோம். மனிதரைத் தரம் பிரிப்பதா என்று அடித்தோம். 'முறை வகுத்தல்' என்று எழுதினோம். அதில் அவசரம் இல்லை. செயலோ இன்னும் கடினமானது. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் என்னும் புயல், மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பீஜியைத் தாக்கி 44 உயிர்களைக் கொண்டது. கோரோ போன்ற தீவுகளில் ஊர்களே தரைமட்டமாயின. அத்தகைய நாளில் கதறுபவரை விட்டுவிட்டு ஓசையின்றிக் கிடப்பவரிடம் முதலில் செல்ல வேண்டும் என்பதை முன்னரே பழகாதவர் செய்வது அரிது. பயிற்சியில் இதற்காகவே அட்டைகளை வைத்து ஒரு விளையாட்டுப் போல நடத்துகின்றனர்: பத்துப் பேர், இரண்டு மருத்துவர், ஒரு படகு, யாரை அனுப்புவீர்? விடை தவறினால் ஆசிரியர் கடிந்து கொள்வதில்லை. ஏன் அவ்வாறு முடிவு செய்தீர் என்று கேட்பார்.

இம்முறையில் நமக்கு மிகவும் பிடித்தது அதன் நாட்கணக்கு. முதல் இரு நாள் வெளியார் பாடம் சொல்வர். மூன்றாம் நாள், கற்றவர்களுள் சிலருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பிப்பர். நான்காம், ஐந்தாம் நாட்களில் அவர்களே புதியதொரு வகுப்பை நடத்துவர். வெளியிலிருந்து வந்தோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்பர். நேற்றுவரை மாணவராக இருந்தவர் இன்று நிற்கும் நிலையில் கை நடுங்கும், குரல் தணியும். ஆனால் கேட்போருக்கு அவர் மொழி புரியும். அவர் சொல்லும் கரும்பு லாரியும் தெரிந்த லாரி.

இதனால் எல்லாம் சரியாயிற்று என்று எவரும் மயங்க வேண்டா. தேர்ந்தவரை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நல்ல சம்பளம் தந்து அழைத்துக்கொள்கின்றன. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் அவர்களைக் குறை கூறும் தகுதி உடையோம் அல்லோம். சென்றவர் இடத்துக்கு வரும் புதியவருக்கு மீண்டும் அதே பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அவசர மருத்துவத்தைத் தனித் துறையாகக் கொண்ட மேற்படிப்பு இப்போது சுவாவிலேயே உண்டு. பயின்று தங்கியவர்கள் அடுத்த தொகுதிக்கு ஆசிரியராகின்றனர். இந்த ஆண்டும் பட்டம் பெற்று வரும் இளைஞர் சிலர், தலைமாட்டில் நின்று கழுத்தை அசைக்காமல் தாடையைத் தூக்கும் விதத்தை ஒருவர் மீது ஒருவர் பழகிப் பார்ப்பர்.