விளக்கோடு எண்ணெயும்

பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு
நற்செய்தி: மத்தேயு 25:1-13



இன்றைய நற்செய்தியில் வரும் தோழியர் பத்துப் பேரின் கையிலும் விளக்கு இருந்தது. பத்துப் பேருமே மணமகனுக்காகக் காத்திருந்தார்கள். பத்துப் பேருமே உறங்கிப்போனார்கள். ஐவர் மட்டும் கூடுதலாக எண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான். அது நள்ளிரவில் தெரியவந்தது.

கேட்டவர்களுக்கு எண்ணெய் தர மறுத்தது முறையா என்று நமக்குத் தோன்றலாம். அந்த எண்ணெய் ஏழைகள்மேல் காட்டும் இரக்கம் என்கிறார் புனித யோவான் கிறிசோஸ்தோம். அது அன்பு என்கிறார் புனித அகுஸ்தீனார். இரக்கத்தையும் அன்பையும் கடைசி நேரத்தில் யாரிடமும் கடன் வாங்க முடியாது.

இந்த உவமையை வாசிக்கும்போது, மாணவர்களின் பன்னாட்டுப் போட்டி ஒன்று நினைவுக்கு வருகிறது. அதன் பெயர் 'சோலார் டெகத்லான்'. அமெரிக்க எரிசக்தித் துறை 2002ஆம் ஆண்டு வாஷிங்டனில் அதைத் தொடங்கியது. அதிலும் பத்துத் தேர்வுகள்! ஒவ்வொரு பல்கலைக்கழக அணியும் சூரிய ஒளியால் இயங்கும் ஒரு சிறிய வீட்டைக் கட்ட வேண்டியிருந்தது. சமையல், துணி துவைத்தல், வெந்நீர் எல்லாம் அந்த ஒளியிலிருந்தே. தொடக்க ஆண்டுகளில் அந்த வீடுகளுக்கு வெளி மின்இணைப்பு கிடையாது. மேகம் மூடினால், பேட்டரியில் சேமித்தது மட்டுமே கைகொடுக்கும்.

ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2007லும் 2009லும் அதில் வெற்றி பெற்றார்கள். 2009இல் அவர்கள் கூரையோடு நின்றுவிடவில்லை. மேகமூட்டத்திலும் ஓரளவு மின்சாரம் தரும் மெல்லிய தகடுகளைச் சுவர்களிலும் பதித்தார்கள். இருண்ட நாளையும் எண்ணிப் பார்த்தார்களே, அதுதான் முன்மதி. அதே போட்டியில், பக்கத்து அணியினரை வீட்டுக்கு அழைத்து விருந்தளிப்பதற்கும் மதிப்பெண் இருந்தது. ஒளியுள்ள வீட்டில் விருந்தோம்பலும் இருக்க வேண்டும் அல்லவா?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை விட்டுப் படிப்படியாக, ஆனால் காலம் தாழ்த்தாமல் விலக வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் கேட்டுக்கொண்டார். 2024 ஜூன் 21 தேதியிட்ட 'சகோதரன் சூரியன்' என்ற மடலையும் வெளியிட்டார். வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் சாந்தா மரியா தி கலேரியா நிலத்தில், வேளாண்மையோடு இணைந்த சூரிய மின்நிலையம் அமைக்க அதில் பணித்தார்.

அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். உவமையில் எண்ணெய் கொண்டுவராதவர்களே கதவுக்கு வெளியே நின்றார்கள். இந்தப் பூமியின் காரியத்தில் அப்படி இல்லை. உறங்குவது நாம், வெளியே நிற்கப்போவது நம் பேரப்பிள்ளைகள். "படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாகாது.

இன்னொன்றும் உண்டு. கடவுள் நல்லோர், தீயோர் என்று பாராமல் எல்லார்மேலும் கதிரவனை உதிக்கச் செய்கிறார். ஆனால் சூரியத் தகட்டைச் சொந்தக் கூரையும் கையில் பணமும் உள்ளவரே வாங்க முடிகிறது. சுரங்கத்தில் கரி வெட்டிப் பிழைப்பவர், நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்று கலங்குகிறார். இவர்களை மறந்துவிட்டு வரும் மாற்றம், எண்ணெய் இல்லாத விளக்கு. விளக்கைச் செய்ய இளையோர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றும் கடமை நமக்கும் உண்டு.

ஆகவே இந்த வாரம் ஆளில்லாத அறையில் எரியும் விளக்கையும் சுழலும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். திருவிழா அலங்கார விளக்குகளில் எவ்வளவு குறைக்கலாம் என்று அன்பியத்தில் கூடிப் பேசுங்கள். மிச்சமாகும் பணத்தில், இரவில் படிக்க நல்ல வெளிச்சம் இல்லாத ஒரு பிள்ளையின் வீட்டுக்கு விளக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரே செயலில் முன்மதியும் இரக்கமும் சேர்ந்துவிடும்.

மன்றாடுவோம்: ஒளியின் ஆண்டவரே, நீர் வரும் நேரத்தில் எங்கள் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கவும், எங்கள் பிள்ளைகளுக்கு முன் கதவு அடைபடாதிருக்கவும் அருள்தாரும். ஆமென்.